சதுப்பு நிலம் அவர்களுக்கு

சதுப்புக்கு முதல் கடிதம் வந்தபோது அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க ஆளில்லை. பதிவுத் தபால். உறையின் மேல் கொட்டை எழுத்தில் ‘சதுப்பு நிலம் அவர்கள், ஊர்க்கோடி’ என்று இருந்தது. தபால்காரர் கரையில் சைக்கிளை நிறுத்தி, கோரைக்குள் நின்றிருந்த நாலு கொக்குகளையும் அவற்றுக்குப் பின்னால் விரிந்து கிடந்த தண்ணீரையும் ஒருமுறை பார்த்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் பூட்டிய வீட்டுக்கும் செத்துப்போனவர்களுக்கும், ஒரு தடவை நாய்க்கும்கூடத் தபால் கொண்டுபோயிருக்கிறார். தண்ணீருக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. கரையில் இருந்த ஒரே கட்டடம் மோட்டார் அறை. நேரே அங்கே போனார்.

மோட்டார் அறையில் இருந்தவளை ஊரே மோட்டாரக்கா என்றுதான் கூப்பிடும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு. காலை ஐந்தரைக்கும் மாலை நாலுக்கும் சுவிட்சைப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிவிடுவது அவள் வேலை. பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. கிணறு சதுப்பை ஒட்டி இருந்தது. ஊரின் மழைத்தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் சதுப்பின் ஒரு பக்கம் கலங்கலாக வந்து விழும். கோரைக்குள் நாலைந்து நாள் சோம்பேறித்தனமாகச் சுற்றும். மறுபக்கம் கிணற்றில் ஊறும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அக்கா விதிப்படி அரைக் குவளை குளோரின் தூள் போடுவாள். அதற்கு மேல் அந்தத் தண்ணீருக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியிருந்ததில்லை.

“ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா” என்றார் தபால்காரர். “திருப்பி அனுப்பினா காரணம் எழுதணும். ‘வாங்க மறுத்துட்டார்’னு எழுதறதா, ‘வீட்ல இல்லை’ன்னு எழுதறதா, ஒண்ணும் புரியல.”

நியாயமாகத்தான் பட்டது. போட்டாள்.

கடிதத்தை அன்று சாயங்காலம் வீட்டில் உரக்கப் படித்தாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளத்தெருவில், வீட்டின் முன்னறையிலேயே இரண்டு தையல் மிஷின்களைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

‘தாங்கள் இந்நகருக்கு நீர் வடிகட்டல், வெள்ளத் தடுப்பு, வெப்பத் தணிப்பு, காட்சி இன்பம் ஆகிய சேவைகளைப் பல்லாண்டுகளாக எவ்வித ஒப்பந்தமும் அனுமதியும் இன்றி வழங்கி வருவது இவ்வாணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கத் தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே, இயக்குநர், இயற்கைச் சேவைகள் மதிப்பீட்டு ஆணையம் என்று இருந்தது.

“நேர்ல வரணுமாமே” என்றாள் அக்கா.

“போகட்டுமே” என்றார் தையல்காரர், வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. “பஸ்ல ஜன்னலோரம் உக்காத்தி வை. வாந்தி எடுக்காம வரும்.”

அக்காவால் சிரிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டவள் அவள்தானே. பதினான்காம் நாள் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஆணையத்துக்குப் போனாள்.

ஆணையம் அப்போது ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் செடிகள். அவற்றுக்கும் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் தரை ஈரமாக இருந்தது. தலைமை எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளை நோக்கினார்.

“சதுப்பு நீங்கதானா?”

“இல்லைங்க. நான் மோட்டார் போடறவ.”

“அது ஏன் வரல?”

“அதுக்கு வரத் தெரியாதுங்க.”

தலைமை எழுத்தர் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். “உங்களுக்கும் அதுக்கும் என்ன உறவு?”

“உறவெல்லாம் இல்லைங்க. பக்கத்துல இருக்கேன்.”

“ஒப்புகை அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே அம்மா. உறவு இல்லாமலா போட்டீங்க?”

அவர் ‘பொறுப்பாளர்’ என்று எழுதி முத்திரை குத்தினார். ஒரு மனுஷி ஒரு சதுப்புக்குப் பொறுப்பாளர் ஆவதற்கு ஆணையத்தில் ஒன்றரை நிமிஷம் ஆனது. அவள் நிரந்தரப் பணியாளர் ஆவதற்குப் பதினொரு வருஷம் போதவில்லை.

இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அவருக்கு ஒரு பழக்கம்: எதிரே ஒருவர் இருந்தாலும் நூறு பேர் இருப்பதுபோலப் பேசுவார்.

“இந்த உலகத்துல எது இலவசமா கிடைக்குதோ அதை யாரும் மதிக்கறதில்லை. மதிக்காததாலதான் நாசமாக்கறாங்க. காத்து, தண்ணி, காடு, சதுப்பு எல்லாத்துக்கும் ஒரு விலை போட்டுட்டா, மக்கள் பயபக்தியோட பார்ப்பாங்க. அந்தப் புனிதமான வேலையைத்தான் நாங்க பண்றோம்.”

“விலை போட்டா, யாராவது வாங்கிட்டுப் போயிட மாட்டாங்களா சார்?” என்று கேட்டாள் அக்கா. குதர்க்கமாகக் கேட்கவில்லை. விலை போட்ட சாமான் கடையில் தங்கி அவள் பார்த்ததில்லை.

இயக்குநர் புன்னகைத்தார். “அருமையான கேள்வி” என்றார். பிறகு மணியடித்து அடுத்தவரை வரச் சொன்னார்.

அடுத்த வாரம் மதிப்பீட்டாளர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். கடை ஸ்டிக்கர் கிழிக்காத ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சதுப்பின் கரையில் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அக்காவை விசாரித்தார்.

“இந்தத் தவளைச் சத்தம் கேக்கறதுக்கு மாசம் எவ்வளவு குடுக்கத் தயாரா இருக்கீங்க அக்கா?”

“நானா? அதை நிறுத்தச் சொன்னா வேணா ஏதாவது குடுப்பேன். மழைக்காலத்துல காது கிழியுது.”

அவர் கழித்தல் குறி போட்டு எழுதினார். “கொக்கு பார்க்கறதுக்கு?”

“கண்ணைத் திறந்தா தெரியுதே தம்பி. அதுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

பூஜ்யம் என்று எழுதினார். அக்காவுக்கு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் கொக்கைக் காட்டிக் கொடுத்துவிட்டது போல ஒரு குறுகுறுப்பு.

பிறகு மதிப்பீட்டாளர் பள்ளத்தெருவில் வீடு வீடாகப் போனார். சதுப்புக்கும் ஊருக்கும் நடுவே பள்ளத்தில் நூற்று நாற்பது ஓட்டு வீடுகள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தெருவைக் கடந்து சதுப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், படி ஏறியதில்லை.

தையல்காரரிடம் கேட்டார்: “வெள்ளம் வராம இருக்கறதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு தருவீங்க?”

“வெள்ளம்தான் வரலையே.”

“வராம இருக்கறதுக்குத்தான் கேக்கறேன்.”

“வராததுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?”

“வந்தா குடுப்பீங்களா?”

“வந்ததுக்கு அப்புறம் குடுக்க எங்கிட்ட என்ன தம்பி மிச்சம் இருக்கும்?” என்றார் தையல்காரர். பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெயிலில் வந்திருக்கிறான், வெறும் தாளோடு அனுப்ப மனசில்லை. “காசா கேக்காதீங்க. வேணும்னா வருஷத்துக்கு ரெண்டு சட்டை தைச்சுத் தரேன்.”

மதிப்பீட்டாளர் எழுதினார்: தையற்கூலி, சட்டை இரண்டு. துணி தனி.

மேட்டுத்தெருவில் கதை வேறாக இருந்தது. அங்கே வெள்ளம் வர வாய்ப்பே இல்லை. ஆனால் அங்கிருந்தவர்கள் சாயங்காலம் சதுப்போரம் காலாற நடக்கிறவர்கள். அந்தக் காட்சிக்காக ஆளுக்குப் பெரிய பெரிய தொகையாகச் சொன்னார்கள். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, நூற்று நாற்பது வீடுகளை வெள்ளத்திலிருந்து காப்பது ஏறக்குறைய ஐந்து கூடைச் சட்டையின் தையற்கூலிக்குச் சமமான சில்லறைச் சேவை என்றும், சதுப்பின் தலையாய பணி மேட்டுத்தெருவின் மாலை நடைக்குப் பின்னணியாக இருப்பதுதான் என்றும் தெரியவந்தது. மொத்த மதிப்பு ஆண்டுக்கு நாலு கோடி.

“எங்க வீடெல்லாம் இவ்வளவுதானா தம்பி?” என்றாள் அக்கா, தாளைப் பார்த்துவிட்டு.

“எங்க குத்தமில்லைக்கா. மேட்டுத்தெருவுல அதிகமா மதிக்கறாங்க. நீங்க கம்மியா மதிக்கறீங்க. கணக்கு அப்படித்தான் வரும்.”

“நாங்க கம்மியா மதிக்கலை. எங்ககிட்ட கம்மியா இருக்கு.”

அவர் உண்மையிலேயே யோசித்தார். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “ரெண்டையும் ஒரே கட்டத்துலதான் எழுதணும்னு இருக்கு” என்றார் வருத்தத்தோடு.

மதிப்புப் போட்டாகிவிட்டது என்றால் சேவை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? சதுப்பின் நடுவே ஒரு கம்பம் நட்டு, அதில் விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார்கள். சதுப்பு முதல் நாற்பத்தைந்து நாட்களும் வேலைக்கு வரவில்லை என்று இயந்திரம் சொன்னது. நாற்பத்தாறாம் நாள் ஒரு மீன்கொத்தி அதன் மேல் உட்கார்ந்து அலகால் கொத்தியது. “மீண்டும் முயற்சிக்கவும்” என்றது இயந்திரம், இனிமையான பெண் குரலில். மீன்கொத்திக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்றோ என்னவோ, தினமும் வந்து முயற்சித்தது. அதனால் சதுப்பு ‘வருகிறது, ஆனால் அடையாளம் காட்ட மறுக்கிறது’ என்று கோப்பில் ஏறியது. காரணம் கேட்டு விளக்கக் கடிதம் வந்தது. அக்கா பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துப் பதில் எழுதி அனுப்பினாள். பதிலில் எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை: அது எங்கும் போகவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது.

‘பணி நேரத்தில் கிடத்தல்’ என்று தலைமை எழுத்தர் அதைச் சுருக்கி எழுதிக்கொண்டார்.

இத்தனைக்குப் பிறகும் ஆணையம் சதுப்பைக் கைவிடவில்லை. முறைப்படி ஒப்பந்தம் போட்டு வேலையில் வைத்துக்கொள்ளவே நினைத்தது. முறை என்றால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். மூன்று பேர் போட்டியிட்டார்கள். சதுப்பு ஒன்று. இயற்கை செய்யும் வேலையை எல்லாம் இயந்திரத்தால் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம். மூன்றாவது, அந்த நிறுவன முதலாளியின் மச்சான்.

உறைகளைப் பிரிக்கும் நாளில் அக்காவும் போயிருந்தாள். சதுப்பின் விலைப்புள்ளியில் அவள் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். இத்தனை வருஷம் அது ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததை அவளாக எப்படி எழுதுவாள்?

“பூஜ்யம்னா அது விலையே கிடையாதும்மா” என்றார் தலைமை எழுத்தர். “ஆணையத்தைக் கேலி பண்ற மாதிரி இருக்கு. சரி, அனுபவச் சான்றிதழ் எங்க?”

“ஊர் வர்றதுக்கு முன்னாடியிருந்தே அது இதைத்தாங்க பண்ணிட்டிருக்கு.”

“அப்போ ஊரே இல்லையே. சான்றிதழ் யார் குடுத்தா?”

சதுப்பு தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஒப்பந்தம் நிறுவனத்துக்குப் போனது. போட்டியைக் கடுமையாக்கியதற்காக மச்சானுக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்பட்டது.

அவள் எழுந்திருக்கும்போது தலைமை எழுத்தர் இன்னொரு தாளை நீட்டினார். ஒப்பந்தம் கிடைக்காத சேவையாளர் பணியிடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஆணையத்துக்கும் எத்தனை நாள்தான் நாற்காலிக் கடை மாடி? சதுப்பு இருக்கும் இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள். பொறுப்பாளரின் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து மட்டும் வேண்டும்.

“நான் மாட்டேங்க” என்றாள் அக்கா. சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தலைமை எழுத்தர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நீங்க போடலைன்னா தபால்காரரைப் பொறுப்பாளரா போட்டு வாங்கிப்பாங்க. அது ஒரு நாள் வேலை. உங்க நிரந்தரக் கோப்பு மேல தூங்கிட்டிருக்குன்னு கேள்விப்பட்டேன். இது நகர்ந்தா அதுவும் நகரும். யோசிச்சு சொல்லுங்கம்மா.”

வீட்டில் சொன்னாள். நாத்தனார் பக்கத்து வீட்டிலிருந்து இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “நிரந்தரம் ஆச்சுன்னா முதல் சம்பளத்துல எங்களுக்கு என்ன அண்ணி?” என்று சிரித்தாள். தையல்காரர் சிரிக்கவில்லை.

“நீ போடலைன்னாலும் நடக்கும்ங்கறாங்க.”

“ஆமா.”

“அப்போ போடு” என்றார். சொல்லிவிட்டு ஊசிக்குள் நூலைக் கோர்க்க மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் தவறியது. அக்கா வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஒரே மாதத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. இந்த முறை பெயரில் எழுத்துப் பிழைகூட இல்லை.

லாரிகள் இரண்டு மாதம் மண் கொட்டின. கொக்குகள் இரண்டு நாள் மண்மேட்டின் மேல் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. தவளைகள் பள்ளத்தெருவுக்குள் கூட்டம் கூட்டமாக வந்து, வாளிக்குள்ளும் செருப்புக்குள்ளும் உட்கார்ந்திருந்தன. பிறகு அவையும் இல்லை. மழைக்காலத்தின் முதல் வாரத்தில் அக்கா சத்தமே இல்லாத சதுப்புப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றாள். கணக்குப்படி பார்த்தால் அவளுக்கு இது லாபம்.

கட்டடம் ஒன்றரை வருஷத்தில் எழும்பியது. அதுவரை மழை பேருக்குத்தான் பெய்தது. ‘சதுப்பு மாளிகை’ என்று பெயர் வைத்தார்கள். வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கச் சதுப்பின் வண்ணப் புகைப்படம். மேட்டுத்தெருக்காரர்கள் சாயங்காலம் அங்கே வந்து குளிர்சாதன வசதியில் நடந்தார்கள். காட்சி இன்பத்தில் குறைவே இல்லை என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது.

நிறுவனத்தின் வடிகட்டும் இயந்திரம் மூன்று மாதம் ஓடியது. பிறகு ஏதோ ஒரு வலை அடைத்துக்கொண்டது. அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். கிணற்றுத் தண்ணீர் முதலில் மஞ்சளித்தது, பிறகு தேநீர் நிறத்துக்கு வந்தது. அக்கா அரைக் குவளை குளோரினை ஒன்றாக்கினாள், மூன்றாக்கினாள், ஆறு குவளை வரை போய்விட்டாள். மேலே எழுதிப் போட்டாள். ‘சேவை ஒப்பந்ததாரரின் பொறுப்பு’ என்று பதில் வந்தது. மோட்டாரைப் போடாமல் இருக்கவும் முடியாது. ஊருக்கு வேறு தண்ணீர் இல்லை.

நாத்தனாரின் குழந்தையை ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுப்போக்கு. அந்த வார்டில் பள்ளத்தெருக் குழந்தைகள் மட்டும் பதினேழு. அக்கா வேலையை முடித்துவிட்டு ஓடினாள். குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் ஊசி ஏற்றி, அசையாமலிருக்க மரக்கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். நாத்தனார் தலையைத் தூக்காமல் கேட்டாள்:

“அண்ணி, நீங்க ஏத்தற தண்ணிதானே இது?”

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாளில் குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது, பாதி எடையோடு. நாத்தனார் அதற்குப் பிறகு அவளோடு பேசாமல் இல்லை, பேசினாள். ஆனால் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் மழை வழக்கமான மழைதான். மூன்று நாள் பெய்தது. தண்ணீர் வழக்கம்போல ஊரிலிருந்து இறங்கிப் பள்ளத்தெருவைக் கடந்து சதுப்புக்குப் போகப் பார்த்தது. சதுப்பு இருந்த இடத்தில் சதுப்பு மாளிகையின் மதில் இருந்தது. தண்ணீர் திரும்பி வந்தது. பட்டப்பகலில், பதினோரு மணிக்கு, முழங்கால் அளவு. பன்னிரண்டுக்கு இடுப்பளவு. தையல்காரர் ஒரு மிஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். இன்னொன்றைத் தூக்கக் குனிந்தபோது கட்டில் மிதந்து சரிந்து முதல் மிஷினும் உள்ளே போனது. அக்கா மோட்டார் அறையிலிருந்து மதிலைப் பிடித்தபடி வந்து சேர்ந்தபோது, அவர் பெஞ்சின் மேல் நின்றுகொண்டு யாரோ தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணி ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

“அதை எதுக்குங்க பிடிச்சிட்டிருக்கீங்க?”

“ஊரான் துணிம்மா” என்றார்.

நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் மதிப்பீட்டாளர் வந்தார். இப்போது முதுநிலை மதிப்பீட்டாளர். சுவரில் சேறு விட்டுப் போயிருந்த கோட்டை அளவுநாடாவால் அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. எல்லா வீட்லயும் ஒரே மட்டம். இவ்வளவு சுத்தமான தகவல் எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்லை.”

தையல்காரர் துருப்பிடித்துக்கொண்டிருந்த மிஷினைத் துணியால் துடைத்தபடியே கேட்டார்: “எழுதிட்டுப் போறீங்களே, ஏதாவது தருவாங்களா தம்பி?”

“நாங்க இழப்பைக் கணக்கிடறதோட சரி. குடுக்கறது வேற துறை.”

“அது எங்க இருக்கு?”

“இன்னும் ஆரம்பிக்கலை” என்றார், உண்மையை மறைக்கத் தெரியாத அந்த நல்ல பையன்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வெளியீட்டு விழா. சதுப்பு மாளிகையின் ஆறாம் மாடியில் நடந்தது. கீழ்த்தளத்தில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததால் அதை இறைத்துவிட அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். இறைத்து முடித்த கையோடு, மறைந்த சேவையாளரின் பொறுப்பாளர் என்ற முறையில் அவளை மேலே அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. இயக்குநர் எழுந்தார்.

“பெருமதிப்புக்குரியவர்களே! சதுப்பு உயிரோட இருந்த காலத்துல அதோட மதிப்பு ஆண்டுக்கு நாலு கோடி. இன்னிக்கு அது இல்லை. இல்லாததால ஏற்பட்ட இழப்பு எவ்வளவு தெரியுமா? மருத்துவச் செலவு, வீடுகள், தொழில் முடக்கம், குடிநீர் லாரி எல்லாம் சேர்த்து முப்பத்தோரு கோடி!” கைத்தட்டல் எழுந்தது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார். “இருந்தப்போ நாலு. இல்லாதப்போ முப்பத்தொண்ணு. சதுப்பை அழிச்சதாலதான் அதோட உண்மையான மதிப்பு உலகத்துக்கே தெரிஞ்சுது. இதை நான் தியாகம்னு சொல்வேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரிச் சீட்டும், ஒவ்வொரு லாரித் தண்ணியும் பொருளாதாரத்துல ஒரு வரவுதான். மத்த ஊர்கள்ல சதுப்பும் ஏரியும் இன்னும் சும்மா கிடக்குது. அதோட மதிப்பு எப்பத்தான் வெளிப்படப் போகுதோன்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல.”

நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். பொய்யே இல்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். அந்த வசதியையும் அவர் கொடுக்கவில்லை. அறிக்கையின் ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதில் நாற்பதாம் பக்கத்தில் ‘குழந்தைகள், பதினேழு’ என்று ஒரு வரி இருந்தது. எதிரே ஒரு தொகை. அவள் அதைப் படித்துவிட்டு, அறிக்கையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

கிணற்றை மூடிவிட்டார்கள். ஊருக்கு இனிமேல் வடக்கு ஏரியிலிருந்துதான் தண்ணீர் என்றாயிற்று. மோட்டார் அறையும் அக்காவும் ஏரிக்கரைக்கு மாறினார்கள். பெரிய ஏரி. சுற்றிலும் நாணல். தண்ணீர் சுத்தம். எட்டாவது நாள் தபால்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

‘ஏரி அவர்கள், வடக்குக் கரை.’

“அக்கா, நீங்க போடலைன்னா நான் ‘வீட்ல இல்லை’ன்னு எழுதிடறேன்” என்றார். அவர் வீடும் பள்ளத்தெருவில்தான்.

“மூணு தடவை எழுதுவீங்க. அப்புறம் வேற யாரையாவது பொறுப்பாளரா போடுவாங்க. கொண்டாங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே சதுப்பு மாளிகைக்குப் போனாள். வாசலிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வரவேற்பறையில் நாற்காலிகள் தாமாகவே கிழக்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்திருந்தன. தலைமை எழுத்தர் ஒரு காலால் மேஜையைத் தடுத்துப் பிடித்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

“கட்டின இன்ஜினியர் மேல நடவடிக்கை இல்லையாங்க?” என்று பேச்சுக்குக் கேட்டாள்.

“எப்படி எடுக்கறது? மனுஷன் மருத்துவ விடுப்புல இருக்காரும்மா. விடுப்புல இருக்கறவங்க மேல எந்தக் கோப்பும் நகரக்கூடாது. விசாரணை, மாறுதல், நீக்கம் ஒண்ணும் முடியாது. விதி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் சர்டிபிகேட் வந்துட்டே இருக்கு. மூணு வருஷம் ஓட்டினவங்க எல்லாம் இருக்காங்க.”

போகத் திரும்பிய அக்கா சாய்ந்த தரையில் காலை ஊன்றிக்கொண்டு மறுபடி அவர் பக்கம் வந்தாள். “சேவையாளர்னு சொல்றீங்களே, அவங்களுக்கும் இந்த விதிதானா?” என்று கேட்டாள்.

“பணிக்குக் கூப்பிட்டாச்சுன்னா எல்லாருக்கும் ஒரே விதிதான்” என்றார் அவர், பெருமையாக.

அவள் திரும்பி வந்து ஏரியைச் சுற்றி நடந்தாள். தென்மூலையில் கொஞ்சம் பாசி படர்ந்திருந்தது. கால்நடை மருத்துவர் அந்தப் பக்கம்தான் குடியிருந்தார். அவரிடம் வைத்தியத்துக்கு வரும் மாடுகளில் நாற்பது வடக்கு ஏரித் தண்ணீரை நம்பி இருந்தன. விஷயத்தைக் கேட்டவர் முதலில் ஒரு மூச்சு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார்: ‘நோயாளியை நேரில் பரிசோதித்தேன். மேனியில் பச்சை நிறப் படலம் காணப்படுகிறது. எவ்விதத் தொந்தரவும் இன்றி முழு ஓய்வு தேவை.’

தலைமை எழுத்தர் விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

“ஏரிக்கு எப்படிம்மா லீவு?”

“ஏரிக்குக் கடுதாசி போட்டு வேலைக்கு வரச் சொல்றீங்க. வர முடியாதவங்க லீவு போடறாங்க. வேற என்னங்க செய்வாங்க?”

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிற்பகல் முழுக்கப் புரட்டினார். ஏரிகளுக்கு விடுப்பு இல்லை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இல்லாத விதியை மீற அவருக்குத் துணிவு வரவில்லை. கோப்பு ஆறாம் மாடிக்குப் போனது. இயக்குநர், ஏரியின் உடல்நலம் குறித்து ஆணையம் கவலை கொள்கிறது என்று கைப்பட எழுதி அனுமதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: சேவையாளர் பணிக்குத் திரும்பும் வரை பொறுப்பாளரின் நிரந்தரப் பணி நிறுத்தி வைக்கப்படும், அவர் தற்காலிகப் பணியாளராகத் தொடரலாம்.

தையல்காரர் உத்தரவை வாங்கிப் பார்த்தார். கடனுக்கு வாங்கிய பழைய மிஷின் ஒன்று அவர் முன்னால் இருந்தது. “பதினொரு வருஷம் காத்திருந்து வாங்கினது” என்றார். “வருத்தமா இருக்கா?”

“அதை வாங்கினப்போதான் இருந்துச்சு” என்றாள்.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வருகிறார். மருத்துவ விடுப்பில் இருப்பவர் ரகசியமாக எங்கேயாவது வேலை பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும் அல்லவா? இந்த முறையும் வந்தார். கரையில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏரியைக் கால்மணி நேரம் கவனித்தார். காற்றில்லாத பிற்பகல், மணி நாலு ஆகப்போகிறது. ஏரி அசையாமல் மல்லாந்து கிடந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டி, நோயாளி பூரண ஓய்வில் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி திருப்பத்தைத் தாண்டும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அக்கா உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள்.